எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவராக நிற்கச் சொல்கிறார்கள்: தொடக்கப் பள்ளியில் உண்மையில் என்ன வேலை? (கடலூர்)

கடலோரத்து_அம்மா கேட்டது:

வணக்கம். கடலூர் ஒன்றியத்தில் கடற்கரையை ஒட்டிய கிராமம். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மொத்தம் 58 பிள்ளைகள். தலைமையாசிரியரோடு சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே போஸ்டிங்.

பள்ளி மேலாண்மைக் குழு மறுகட்டமைப்பு வரப்போகிறது, தலைவராக நில்லுங்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நிற்பதற்கு முன்னால் சில விஷயம் தெளிவாக வேண்டும்.

தலைவர் என்றால் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதுதானா, அல்லது வேறு அதிகாரம் உண்டா? பணம் எவ்வளவு வரும், எதற்குச் செலவு செய்யலாம்? பள்ளியில் இப்போது கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை மூன்று: பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவு துருப்பிடித்து விழுந்து கிடக்கிறது, ஒரு வகுப்பறையில் சீலிங் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது, தண்ணீர்த் தொட்டியை யார் எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் குழு எதைச் செய்யலாம், எதற்கு யாரிடம் போக வேண்டும்?

இன்னொன்று, கணவருக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தால் நடு ஆண்டில் நாங்கள் கிளம்ப வேண்டி வரலாம். அப்போது பொறுப்பை என்ன செய்வது? கூட்டம் எந்த நேரத்தில் வைத்தால் ஆள் வருவார்கள் என்றும் சொல்லுங்கள்.

---

பதிவேடு_பார்ப்பவன்:

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. கழகம் சந்தா வாங்கும் சங்கம். குழு சட்டத்தால் வந்தது: 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மறுகட்டமைப்பில் 20 பேராக இருந்த குழு, 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆனது. 24 என்றால் பெற்றோர் 18 பேர். தலைமையாசிரியர் கூட்டுநர்தான், தலைவர் அல்ல. தலைவர் பெற்றோரில் ஒருவர். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்: கூட்டத்தைக் கூட்டுவதும் பதிவேடு எழுதுவதும் தலைமையாசிரியர் வேலை, எதைத் தீர்மானிப்பது என்பது குழுவின் வேலை.

சட்டம் குழுவுக்குக் கொடுக்கும் வேலை சுருக்கமானதுதான். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது (பிரிவு 22), வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஆசிரியருக்கு விடுப்பு கொடுப்பது, மாற்றல் போடுவது, வகுப்பில் புகுந்து 'இப்படி நடத்துங்கள்' என்பது இதில் எதுவும் இல்லை. சில ஊரில் புதுத் தலைவர் முதல் மாதமே இதில்தான் கை வைப்பார், தலைமையாசிரியரோடு முறைத்துக்கொள்வார், அதோடு ஆண்டு முழுக்கக் குழு படுத்துவிடும்.

பணம். சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய-மாநில அரசுக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து வருவது. 30 வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000. உங்கள் 58-க்கு ரூ.25,000. அதில் குறைந்தது பத்து சதவீதம், அதாவது ரூ.2,500, தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்கியாக வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், சோப்பு எல்லாம் இதில் வரும். மீதியில் சின்னப் பழுது, சாக்பீஸ், கற்றல் உபகரணம், மின் சாமான். இந்தப் பணம் ஜூனில் வரும் என்று திட்டம் போடாதீர்கள். பாதி ஆண்டு தாண்டி வருவதும், தவணையாக வருவதும் வழக்கம். 2024-25-இல் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே திட்டத்தில் முதலில் நிற்க வேண்டியது பணம் வராவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை.

கையெழுத்துக்கு வருவோம். குழுவின் வங்கிக் கணக்கு தலைவர், தலைமையாசிரியர் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு. இப்போது பெரும்பாலும் பிஎஃப்எம்எஸ் என்ற அரசின் இணையவழிப் பணப் பரிமாற்ற முறை வழியாகத்தான் பணம் போகிறது: ரொக்கம் எடுக்காமல், கடைக்காரர் கணக்குக்கே நேராக. அதற்கு அச்செடுக்கும் பணம் செலுத்தும் ஆணையில் உங்கள் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் முன் மேஜையில் நான்கு தாள் இருக்க வேண்டும்: அந்தச் செலவுக்கான தீர்மானம், ஜிஎஸ்டி எண்ணுள்ள பில், இருப்புப் பதிவேட்டில் பொருள் ஏறிய பக்கம், ரொக்கப் பதிவேடு. இருப்பில் ஏறிய தேதி பணம் போன தேதிக்குப் பிந்தி இருந்தால் தணிக்கையில் முதல் கேள்வியே அதுதான். மார்ச் கடைசி வாரத்தில் 'பணம் திரும்பிப் போய்விடும் மேடம், இதில் மட்டும் போட்டுவிடுங்கள்' என்று வரும் தாளில்தான் அதிகம் தப்பு நடக்கும். செலவாகாத தொகை ஆண்டு முடிவில் திரும்பிப் போவது உண்மையே. அதற்காகப் பொருள் வராமல் பில் மட்டும் பாஸ் ஆகக் கூடாது. டிசம்பருக்குள் எதை வாங்குவது என்று முடித்துவிட்டால் இந்த நெருக்கடி வராது.

வெற்றுத் தாளில் கையெழுத்து, தீர்மானப் பதிவேட்டில் அரைப் பக்கம் காலி விட்டு அடியில் கையெழுத்து, இரண்டும் வேண்டாம். காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு அடித்துவிட்டுப் போடுங்கள். வீடு வீடாகப் பதிவேட்டைக் கொண்டுபோய் வருகைக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊரில் உண்டு. அது நடந்தால் நீங்கள் தலைவராக இருந்து பிரயோஜனமே இல்லை.

---

ஓவர்சியர்_நோட்டு:

மூன்று பழுதும் மூன்று வெவ்வேறு பாதை. ஒரே மனுவில் மூன்றையும் எழுதினால் மூன்றும் நிற்கும்.

சீலிங்தான் அவசரம். கடற்கரையில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்த கம்பி அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும், அதுதான் பெயர்ந்து விழுகிறது. கொத்தனாரை வைத்து மேலே சிமென்ட் கலவை பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும்; உள்ளே துரு அப்படியே இருக்கும், அடுத்த முறை பெரிய துண்டாக விழும். ஒரு நீளக் கழியால் அந்த அறையின் சீலிங் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று கேட்கும். விட்டுப்போன இடம் பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் அடிக்கோலை நீட்டிப் படம் எடுங்கள். அன்றே பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றி, அந்த அறையைப் பூட்டி, பூட்டியதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழுதான கட்டடங்களைப் பற்றிய தாள் எந்த அலுவலகத்திலும் மேஜையில் தூங்குவது கடினம்.

இதற்கு மானியப் பணத்தைத் தொடாதீர்கள். தீர்மான நகல், படங்களோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து, சரிசெய்யலாம் என்றால் எஸ்டிமேட் போடுவார், முடியாது என்றால் இடிக்கச் சான்று தருவார். தவிர, கிராம சபையில் பொருளாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு கிராம சபை. ஆகஸ்ட் 15-இல் வைத்தால் பருவமழைக்கு முன் ஒரு கையெழுத்தாவது நகரும். புதுக் கட்டடம்தான் என்று முடிவானால் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கழிப்பறைக் கதவு உங்கள் கைக்குள் அடங்கும் வேலை. மறுபடியும் இரும்புத் தகட்டுக் கதவு போட்டால் மறுபடியும் விழும். பிவிசி கதவு, எவர்சில்வர் கீல், எவர்சில்வர் திருகு. கதவு மாற்றிவிட்டுத் திருகை மட்டும் மலிவாகப் போட்டால் அரித்துக்கொண்டு போவது அந்தத் திருகுதான். குழாயும் அப்படியே: பளபளக்கும் நிக்கல் பூச்சுக் குழாய் உப்புத் தண்ணீரில் பச்சை பூத்துப் பிடித்துக்கொள்ளும், கெட்டியான பிளாஸ்டிக் குழாய் போதும். தாழ்ப்பாளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். எட்டாவிட்டால் கதவைத் திறந்து போட்டுத்தான் உட்காரும், அல்லது போகவே போகாது.

கேட்காத ஒன்று. செப்டம்பரில் ஒருவரை மொட்டை மாடிக்கு ஏற்றிப் பாருங்கள். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். வெட்டினால் போதாது, தளிர்க்கும். வேரோடு எடுத்து அந்த வெடிப்பை அடைக்க வேண்டும். மாடியில் தேங்கும் தண்ணீர்தான் கீழே சுவிட்ச் போர்டு வரை இறங்குகிறது.

---

கடலோரத்து_அம்மா:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். தொட்டி 1,000 லிட்டர் பிளாஸ்டிக், ஒன்றுதான். பிளீச்சிங் பவுடர் 'ஒரு கைப்பிடி போடுங்கள்' என்கிறார்கள். கைப்பிடி என்பது எவ்வளவு? தீர்மானம் எப்படி எழுதினால் அலுவலகத்தில் மதிப்பார்கள் என்று யாராவது ஒரு மாதிரி காட்ட முடியுமா?

---

ஓவர்சியர்_நோட்டு:

கைப்பிடி கணக்கே தப்பு. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். 1,000 லிட்டருக்கு அன்றாடம் 2 கிராம் குளோரின் போதும், அதாவது 6 கிராம் பவுடர். கடையில் நகை நிறுப்பது போன்ற சின்ன மின் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்து, அதே அளவுக்கு ஒரு மூடியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியிலேயே போட்டு வந்த தண்ணீர் என்றால் முதலில் சோதித்துவிட்டு, குறைந்தால் மட்டும் சேருங்கள்.

பவுடரைத் தொட்டியில் நேராகக் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரோடு கலக்கி, கால் மணி நேரம் தெளிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போனால் குழாய் அடைக்கும். அரை மணி கழித்து, தொட்டிக்கு அதிக தூரத்தில் இருக்கும் குழாயில் பிடித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் எஞ்சிய குளோரினை அளக்கும் சின்னக் கருவி) பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். குளோரோஸ்கோப் ஊராட்சியில் தொட்டி இயக்குபவரிடம் இருக்கும்.

கழுவும்போது அளவு வேறு. உள்ளே தேய்த்துக் கழுவி, முழுக்க நிரப்பி, 150 கிராம் பவுடர் இதே மாதிரி தெளிய வைத்து ஊற்றி, எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் திறந்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். வெள்ளி மாலை நிரப்பினால் சனிக்கிழமை வெளியேற்றலாம். அந்த இரவு குழாய்களைச் சாக்கால் கட்டிவிடுங்கள், சாயந்திரம் விளையாட வரும் பிள்ளை குடித்துவிடும். வெளியேற்றும் தண்ணீர் செடிக்குப் போகக் கூடாது. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே பெயின்ட்டால் எழுதுங்கள். பவுடர் மூட்டையாக வாங்காதீர்கள். நம் கடற்கரை ஈரத்தில் திறந்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழக்கும். சின்னப் பொட்டலம், இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா.

புயல், வெள்ளத்தில் பள்ளியை நிவாரண முகாமாக எடுப்பார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை கரை உடைத்தபோது பார்த்தோமே. சாவி கொடுக்கும் முன் பொருள் பட்டியல் எடுத்து கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வாங்குங்கள். முகாம் முடிந்ததும் கழிப்பறைத் துப்புரவும் தொட்டிக்கு மேலே சொன்ன 150 கிராம் வேலையும் முடியாமல் வகுப்பு திறக்க வேண்டாம். அந்தத் துப்புரவு ஊராட்சி பொறுப்பு, பிள்ளைகள் கையில் துடைப்பம் கொடுக்கும் வேலை அல்ல.

---

அரும்பு_மொட்டு_மலர்:

தீர்மானத்தில் யார், எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த நிதியில் என்ற ஐந்தும் இருந்தால் அதைத் திருப்பி அனுப்பக் காரணம் கிடைக்காது. 'கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது' என்பது எங்கும் போய்ச் சேராது. இப்படி எழுதலாம்:

"தீர்மானம் 3: பெண் குழந்தைகள் கழிப்பறையின் இடப்பக்கக் கதவு கீல் துருப்பிடித்து விழுந்துள்ளதால், 6 அடிக்கு 2½ அடி பிவிசி கதவு ஒன்று, எவர்சில்வர் கீல் மற்றும் உள்தாழ்ப்பாளுடன், மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த விலைக்கு, ஒருங்கிணைந்த பள்ளி மானியத்திலிருந்து வாங்கிப் பொருத்த ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: தலைமையாசிரியர் மற்றும் உறுப்பினர் இருவர். அடுத்த கூட்டத்துக்கு முன் முடித்து அறிக்கை வைக்கப்படும்."

அளவு உங்கள் கதவுக்குத் தக்கபடி. அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் இந்தத் தீர்மானம் என்ன ஆனது என்பதாக இருக்கட்டும். தீர்மானங்கள் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரன்ட்ஸ் செயலியிலும் ஏற வேண்டும். பதிவேட்டில் ஒன்று, செயலியில் வேறொன்று என்று இருக்கக் கூடாது. கூட்டம் கலைவதற்கு முன் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றியதைப் படித்துவிடுங்கள்.

இனி இங்கே யாரும் தொடாத விஷயம். உங்கள் பள்ளியின் பெரிய பிரச்சினை கதவு அல்ல, 58 என்ற எண். சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. தமிழ்நாட்டில் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கிறார்கள். அதாவது ஜூலை முடிவதற்குள் எமிஸில் (மாநில அரசின் இணையவழி மாணவர் பதிவேடு) இன்னும் மூன்று பெயர் ஏறினால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உங்களிடம் சட்டம் இருக்கிறது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சேர்ந்தால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏப்ரலிலேயே அங்கன்வாடிக்குப் போய் ஐந்து வயது நிறையும் பிள்ளைகள் பட்டியலை வாங்கி, குழு உறுப்பினர்கள் தெரு பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். வயதுச் சான்று இல்லை, பழைய பள்ளியில் டிசி தரவில்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். உள்ளூர் ஆளைக் குழுவே சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கிளப்புவார்கள். 2022-இல் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ.7,500 என்று அரசே எஸ்எம்சி வழியாகத் தற்காலிக நியமனம் அறிவித்ததே நீதிமன்றம் வரை போனது. ஆணை இல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் 'பிள்ளைங்க எப்படிப் படிக்குதுங்க சார்' என்று கேட்காதீர்கள், 'நல்லாப் படிக்கிறாங்க' என்ற பதிலோடு முடிந்துவிடும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (கீழ்நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். இந்தப் பருவத்தில் அரும்பில் எத்தனை பேர், போன பருவம் எத்தனை பேர், இரண்டு பருவமும் அங்கேயே நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணாகக் கேளுங்கள். பெயர் வேண்டாம், கூட்டத்தில் ஒரு தாயின் முன்னால் அவள் பிள்ளையின் பெயரைப் படிப்பது சரியில்லை.

காலை உணவும் குழுவின் கண்ணில் இருக்க வேண்டியது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். 58 பேரும் வந்தால் 2 கிலோ 900, பருப்பு 870 கிராம். சமைப்பவர்கள் நம் ஊர் மகளிர் குழுப் பெண்களே; குறை கண்டுபிடிக்கும் தோரணையில் போகாமல், வாரம் ஒரு உறுப்பினர் முன்னறிவிப்பு இல்லாமல் போய், நிறுப்பதைப் பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். தட்டுப்பாடு வருவது பெரும்பாலும் நேற்றைய வருகையை வைத்து உலை வைப்பதால்.

கடைசியாக, கண்டிப்பாக: பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தார்கள் என்ற புகார் வந்தால் அது குழுக் கூட்டத்துக்கு வரவே கூடாது. பேசித் தீர்க்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் உட்காருவதே குற்றத்தை மறைப்பதாகிவிடும். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது காவல் நிலையம். மற்றப் பள்ளிப் புகார்களுக்கு 14417.

---

ஒழுகரை_வாசி:

புதுச்சேரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிவு 21 இங்கேயும் அதேதான். ஆனால் இங்கே ஒன்றியப் பள்ளி என்ற ஏற்பாடு கிடையாது, தொடக்கப் பள்ளியும் நேரே கல்வித் துறைக்குக் கீழே. ஓவர்சியர் சொன்ன கிராம சபை வழியும் இங்கே பலமாக இல்லை. உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்ததுதான் கடைசி, பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கான நாற்காலியில் உட்கார ஆளே இல்லை. கட்டடப் பழுதைத் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் தொகுதி எம்எல்ஏவுக்கும் எழுத வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அரும்பு மொட்டுக் கணக்கும் இங்கே பொருந்தாது. எல்லையோர ஊர்களில் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளி என்று இருப்பவர்கள், பள்ளி எந்த மாநிலமோ அந்த விதிதான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

---

கன்டோன்மென்ட்_கேட்:

கடலோரத்து அம்மாவின் இடமாற்றக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பெற்றோர் உறுப்பினர் என்ற தகுதி உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் இருக்கும் வரைதான். டிசி வாங்கிய நாளோடு பதவியும் போகும். அதற்காக நிற்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கும் இதே கதிதான். துணைத் தலைவராக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் ஒருவர் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், முதல் மாதத்திலிருந்தே அவரையும் வங்கிக்குக் கூட்டிப் போங்கள்.

கிளம்புவது உறுதியானதும் வரிசை முக்கியம். முதலில் கூட்டம், அதில் உங்கள் விலகலும் புதுத் தலைவர் தேர்வும் கையெழுத்து மாற்றமும் ஒரே நாளில் தீர்மானமாக வேண்டும். பிறகு அந்த நகலோடு புதியவர் வங்கிக்குப் போய் கேஒய்சி கொடுத்து மாதிரிக் கையெழுத்துப் பதிய வேண்டும். அதற்குப் பிறகு டிசி. இதைத் தலைகீழாகச் செய்தால் கணக்கு முடங்கி, பணம் மார்ச்சில் திரும்பிப் போகும். பொறுப்பு ஒப்படைக்கும் அன்றைய தேதியிட்ட இருப்புத் தொகையை ரொக்கப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மைல் தாண்டிப் போன பிறகு தணிக்கைக் கேள்வி வந்தால் கையில் இருப்பது அந்தப் படம்தான்.

மகளுக்கு: டிசியோடு எமிஸ் எண்ணையும் யுடைஸில் (நாடு முழுவதற்குமான பள்ளித் தகவல் பதிவேடு) இருக்கும் நிரந்தரக் கல்வி எண்ணையும் எழுதி வாங்குங்கள். வேற்று மாநிலப் பள்ளியில் கேட்பது இரண்டாவதை. இங்கே எமிஸில் விடுவிக்காமல் விட்டால் அங்கே ஏற்ற முடியாமல் இழுக்கும். டிசி தாமதம் என்று சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5 சொல்கிறது, நடைமுறையில் தாளைக் காட்டிப் பேச வேண்டியிருக்கும்.

அங்கே கேந்திரிய வித்யாலயாவோ ஆர்மி பப்ளிக் ஸ்கூலோ கிடைத்தால் இதே எதிர்பார்ப்போடு போகாதீர்கள். ராணுவ வளாகத்துக் கேந்திரிய வித்யாலயாவில் நிர்வாகக் குழுத் தலைவர் பெரும்பாலும் அந்த நிலையத்தின் மூத்த ராணுவ அதிகாரி. பெற்றோர் பிரதிநிதி ஓரிருவர்தான். பராமரிப்பு வேகமாக நடக்கும், ஆனால் முடிவெடுக்கும் நாற்காலி பெற்றோருடையது அல்ல. பெற்றோரே தலைவராக இருக்கும் ஏற்பாடு உங்கள் 58 பிள்ளைப் பள்ளியில்தான் இருக்கிறது.

---

முந்திரிக்காடு:

கூட்ட நேரம். பொதுவாக வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று சுற்றறிக்கை வரும். மீன்பிடி ஊருக்கு அது பொருந்தும்: விடியற்காலை கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், கூடை தூக்கிய பெண்களும் சந்தை முடிந்து வந்திருப்பார்கள். எங்கள் பண்ணுருட்டிப் பக்கம் மூன்று மணி என்றால் அரை நாள் கூலி போச்சு. ஒரே நேரம் எல்லா ஊருக்கும் என்பதே எனக்கு உடன்பாடில்லை.

---

பதிவேடு_பார்ப்பவன்:

முந்திரிக்காடு சொல்வது சரி, ஆனால் நேரத்தைத் தள்ளுவதென்றால் அதையும் தீர்மானமாக எழுதி வட்டார வள மையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மையத்திலிருந்து மூன்று மணிக்கு வரும் ஆசிரியர் பயிற்றுநர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் 'கூட்டம் நடக்கவில்லை' என்று எழுதிவிடுவார். கடற்கரை ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் இருக்கும் நாட்கள் அவை. பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கான கூட்டத்தை ஏப்ரல் கடைசியில் வைத்தால் ஆண்களும் வருவார்கள், கோடை விடுமுறையில் கதவு, தொட்டி, மாடி வேலையையும் முடித்துவிடலாம். அழைப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள். போன் பெரும்பாலும் அப்பா கையில், அவர் படகில். முந்தின நாள் பிள்ளையின் நோட்டில் எழுதி அனுப்பி, அம்மாவின் கையெழுத்தோடு திரும்பி வரச் சொல்லுங்கள்.